சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்றாயே

பழனி,
தைப்பூசம் முடிந்த மறு வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் பனி விடுகிறவரைக்கும் முனகிக்கொண்டிருக்கும். நீயும் உன் ஹாஸ்டல் பிள்ளைகளும் சுகமா? ஜார்க்கண்டில் குளிர் எப்படி? கொடுத்தனுப்பின கம்பளி ஸ்வெட்டரைப் போடுகிறாயா, இல்லை அது இன்னும் பெட்டியில்தான் தூங்குகிறதா?

நீ வாட்ஸப்பில் அனுப்பின குரல் பதிவை நானும் கேட்டேன், மாமாவையும் கேட்க வைத்தேன். பதிலை நானும் அப்படியே பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் கரும்பலகையில் எழுதியே காலம் தள்ளினவளுக்குக் கை ஓடினால்தான் புத்தி ஓடும். கடிதம் நீளும். பொறுமையாகப் படி, ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

வாலிபர் முகாமில் உன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ மலைத்துப்போய் இருக்கிறாய். "காலையில் லேபுக்குள் போகிறேன், ரத்தம் எடுக்கிறேன், ஸ்லைடு பார்க்கிறேன், ரிப்போர்ட் எழுதுகிறேன், இருட்டினதும் வெளியே வருகிறேன். இதில் சாட்சி எங்கே அத்தை?" என்கிறாய். உனக்கு முன்னால் பேசப்போகிறவர் பெங்களூரில் பெரிய சம்பளத்தை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தவர், உனக்குப் பின்னால் பேசப்போகிறவர் போதையிலிருந்து மீண்டவர் என்றும் சொன்னாய். நடுவில் நீ. உன் குரலைக் கேட்கப் பாவமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

நம் சபைகளில் சாட்சிக்கு ஓர் அச்சு விழுந்துவிட்டது பாப்பா. குடித்தேன், கெட்டேன், ஒரு ராத்திரி கர்த்தர் தொட்டார். அல்லது லட்ச ரூபாயை உதறினேன். அதெல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன், அப்படி நிஜமாகவே மாறினவர்களை எனக்குத் தெரியும். ஆனால் குடிக்காத, கெடாத, உதறுவதற்கு லட்ச ரூபாயும் இல்லாத பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் என்ன செய்வார்கள்? உன்னைப் போலக் கடைசி வரிசையில் மறுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கன்வென்ஷன் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கோட்டுப் போட்ட போதகர், கையில் மைக், பின்னால் நெருப்பு ஜுவாலை. கர்த்தர் வல்லமையாய்ப் பயன்படுத்திவருகிற ஊழியர் என்று கொட்டை எழுத்தில் பட்டம். யாரைப் பயன்படுத்தினார், யாரைப் பயன்படுத்தவில்லை என்கிற கணக்குப் புத்தகம் போஸ்டர் அடிக்கிறவரிடம் எப்போது போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை.

ஞாயிறு பள்ளியில் இத்தனை வருஷம் பாடம் எடுத்ததில் எனக்குப் பிரியமான ஆள் யார் தெரியுமா? பவுல் இல்லை, தமஸ்குவிலிருந்த அனனியா. அவருக்கு வந்தது ஒரே ஒரு வேலை. நேர்த்தெருவில் ஒரு வீட்டுக்குப் போய், பார்வை போய் உட்கார்ந்திருக்கும் சவுலின் தலைமேல் கை வைக்க வேண்டும். சவுல் எப்பேர்ப்பட்ட ஆள் என்று ஊருக்கே தெரியும், அதனால் மனுஷன் முதலில் மறுத்துத்தான் பேசுகிறார். பிறகு போகிறார், கை வைக்கிறார், வந்துவிடுகிறார். சவுல் பவுலாகி ரோமாபுரி வரைக்கும் போகிறார். அனனியா மறுநாள் காலையில் என்ன செய்தார் என்று வேதத்தில் இல்லை. பின்னால் ஒரு தரம் பவுல் தன் கதையைச் சொல்லும்போது அவர் பெயரைச் சொல்கிறார், அத்தோடு சரி. நாகமான் வீட்டில் வேலைக்கு இருந்த அந்தச் சிறைப்பட்ட சிறுமிக்கோ பெயரே இல்லை. எஜமானியம்மாளிடம் ஒரு வாக்கியம் பேசினாள், ஒரு சேனாதிபதியின் குஷ்டம் போயிற்று.

சரி, வேதத்துக் கதை உனக்குத் தெரியாததா என்பாய். நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். நம் சபைகளிலேயே இதை முழுசாகச் சொன்னவர்கள் குறைவு.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் கூட வந்தார்கள். அந்த மதுரை மிஷன்தான் பிறகு திண்டுக்கல், வத்தலக்குண்டு, பழனி என்று இந்தப் பக்கமெல்லாம் வந்தது. சிறுமலைக்குக் காற்று வாங்கப் போய்க் காய்ச்சல் வாங்கிக்கொண்டு வந்து, அப்புறம் 1845இல் கொடைக்கானலில் பங்களா கட்டினவர்களும் அவர்கள்தான். இது முதல் பாதி, எல்லாரும் சொல்கிற பாதி.

இரண்டாம் பாதியைக் கேள். அறுபது எழுபது வருஷம் கழித்து, 1900ஐ ஒட்டி, யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்கள் தாங்களே ஒரு மிஷனரி சங்கம் வைத்துக் காசு சேர்த்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், இராமநாதபுரம் கரையில் தொண்டி இருக்கிறதே, அந்த ஊருக்கு ஊழியம் செய்ய ஆள் அனுப்பினார்கள். பையன்கள்தான். வெள்ளைக்காரர் தயவு இல்லாமல், தாங்களே தங்கள் சில்லறையைப் போட்டு நடத்தின வேலை.

1902இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போன ஒரு திருநெல்வேலிக்காரர் இதைப் பார்த்தார். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், கிராமத்துக் குருவானவரின் மகன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கி முடிக்காதவர். அவருக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்துப் பையன்கள் கடல் தாண்டி ஆள் அனுப்புகிறார்கள், ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருக்கிற திருநெல்வேலி இன்னும் வாங்கித் தின்றுகொண்டே இருக்கிறதே என்று. ஊருக்குத் திரும்பி மறு வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம் என்பது கட்டளை. 1904இல் சாமுவேல் பாக்கியநாதன் என்கிற முதல் மிஷனரி, நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். கொஞ்ச வருஷத்தில் அசரியாவும் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, தெலுங்கு படித்து, அங்கேயே போய் உட்கார்ந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவரைத் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை. 1945இல் அவர் கண்மூடும்போது அந்தத் திருமண்டலத்தின் ஜனத்தொகை லட்சத்தைத் தாண்டியிருந்தது, முக்கால்வாசிப் பேர் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஏழை ஜனங்கள்.

அசரியாவை மட்டும் சொன்னால் மறுபடி ஒரு பெரிய ஆள் கதை ஆகிவிடும். (பெரிய ஆள்தான், அதில் சந்தேகமில்லை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிமார் முகத்துக்கு நேராகவே, எங்களுக்காக எல்லாம் செய்தீர்கள், எங்களோடு சிநேகமாக மட்டும் இல்லை என்கிற பொருளில் பேசிவிட்டு வந்தவர். அன்றைக்குப் பலருக்கு அது கசந்தது.) எனக்கு யோசனையெல்லாம் அந்த யாழ்ப்பாணத்துப் பையன்கள்மேல்தான். அவர்கள் நினைத்தது தொண்டி. தோர்ணக்கல் என்று ஓர் ஊர் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களில் ஒருவன் பரீட்சையில் தவறியிருப்பான். ஒருவன் மலாயாவுக்கு ரயில்வே கிளார்க் வேலைக்குப் போய் அங்கேயே கிழவனாகியிருப்பான். படிக்கிற காலத்தில் ஏதோ சங்கத்துக்குக் காசு கொடுத்தோம் என்பதையே மறந்திருப்பான். அவனை எந்த முகாமிலாவது மேடையேற்றிச் சாட்சி சொல்லு என்றால் என்ன சொல்லியிருப்பான்? உன்னைப் போலத்தான் முழித்திருப்பான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான் பாப்பா. கர்த்தர் பயன்படுத்துகிற ஆட்களில் பாதிப்பேருக்கு மேல், தாங்கள் பயன்பட்டோம் என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள்தான் மேடைக்கு வருகிறார்கள். மேடையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்பும்.

உன் ஆச்சியையே எடுத்துக்கொள். அவர் பெயர் தோர்ணக்கல் சரித்திரத்தில் எங்கேயும் வராது. ஆனால் நாசரேத்துப் பக்கத்து வீட்டில் அடுப்பங்கரை மாடத்தில் ஒரு பால் பவுடர் டப்பா இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருக்கும், பூச்சி விழாமல் வேப்பிலை கிடக்கும். உலை வைத்ததும் ஆச்சி படியில் அரிசி அளப்பார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போடுவார். அதுதான் பிடி அரிசி. காலையிலும் உண்டு, ராத்திரியிலும் உண்டு. தாத்தாவுக்குச் சம்பளம் வராத மாதங்களில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. ஒரு மழைக்காலத்தில் வீட்டில் இருந்ததெல்லாம் ரேஷன் அரிசி. "வண்டு விழுந்த அரிசியைத்தானே போடுகிறோம், ஆண்டவருக்கு அது போதுமா" என்று நான் வாய்த்துடுக்காகக் கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன். நாமும் அதைத்தானே தின்கிறோம் என்று அடித்த பிறகு சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்தார் சாக்குப்பையோடு வருவார்கள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிக் கொடுப்பார். அது மிஷன் ஊழியத்துக்கு. ஆச்சிக்குத் தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. தோர்ணக்கல் எந்தத் திசை என்று கேட்டால் கையை வடக்கே நீட்டுவார், அவ்வளவுதான் அவருடைய பூகோளம்.

இங்கே நம் சபையில் பிடி அரிசி கிடையாது. அறுப்பின் பண்டிகை ஏலம் உண்டு, அதில் ஒரு பூசணிக்காயை வீம்புக்கு ஏற்றிவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அதுவும் ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்.

ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரியை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது அங்கேதான் கொண்டுபோனோம். கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி என்று பலகை, இங்கே எல்லாருக்கும் அது சி.எஃப். 1955இல் டாக்டர் ஏ.கே. தரியனும் டாக்டர் ஜேக்கப் செரியனும் குடும்பத்தோடு வந்து தொடங்கினது. நம் மார்க்கெட்டிலிருந்து முருங்கைக்காயும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகின்றன, கேரளா பதிலுக்கு அனுப்பினது இந்த டாக்டர்மாரை என்று மாமா சொல்வார். பின்னால் செரியன் டாக்டர் அம்பிளிக்கையில் இன்னொரு ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். படித்த டாக்டர்கள் நினைத்திருந்தால் எந்தப் பட்டணத்திலும் உட்கார்ந்திருக்கலாம். பொட்டல் காட்டு ஊரில் வந்து உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு அவர்களிடம் பெரிதாகப் படுவது அந்த நகராமைதான்.

ஆனாலும் நீ கேட்பாய், டாக்டர் எப்படி அத்தை சாதாரண ஆள் ஆவார் என்று. நியாயம்தான். நம்மூரில் டாக்டர் என்றால் சாமிக்கு அடுத்தபடி. ஆனால் எழுபது வருஷம் ஓர் ஆஸ்பத்திரி ஓடுகிறது என்றால் அதை இரண்டு பேர் ஓட்டியிருக்க முடியாது. துணி வெளுத்தவர், ஜெனரேட்டர் பார்த்தவர், ராத்திரி ட்யூட்டியில் பெட்பான் எடுத்த ஆயா, சீட்டு எழுதினவர், ஸ்லைடு பார்த்த உன்னைப் போல ஒருத்தி. பழனி, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் எங்கே பிறந்தாய் என்று கேட்டால் சி.எஃப்.பில்தான் என்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் துணியில் வாங்கின கைகள் எல்லாம் டாக்டர் கைகள் இல்லை.

வேலூரிலும் அப்படித்தான். ஐடா ஸ்கடர் அம்மாளின் கதையை ஒவ்வொரு விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் சொல்கிறோம். ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கிற மனைவியைப் பார்க்கப் பெண் வேண்டும் என்று கேட்டது, அவர் மருத்துவம் படிக்காத பெண்ணாக நின்றது, மூன்று தாய்மாரும் விடிவதற்குள் செத்துப்போனது. அப்புறம் அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து, 1900இல் திரும்பி வந்து, ஒற்றைக் கட்டிலில் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. மூன்று பெண்பிள்ளைகள் மனு போட்டாலே அதிசயம் என்று அரசாங்க மருத்துவ அதிகாரி கேலி பேச, 151 மனுக்கள் வந்தன. நல்ல கதைதான். ஆனால் அவர் மூன்று தலைமுறை மிஷனரிக் குடும்பம், தாத்தா ஜான் ஸ்கடர் 1819இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர். அவரைப் பார்த்து நாமும் அப்படி ஆகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு நாக்குக் கூசும். நான் வகுப்பில் சலோமியைச் சொல்வேன். ஸ்கடர் வீட்டில் வேலைபார்த்தவரின் மனைவி. ஐடா அம்மாளுக்கு ஆரம்பத்தில் ஆபரேஷனில் கூட நிற்க நர்ஸ் இல்லை, சலோமிதான் நின்றார். பிறகு நர்ஸ் பள்ளி வந்தது, பட்டம் வாங்கின நர்ஸ்கள் வந்தார்கள். முதன்முதல் கத்தி கேட்டபோது நடுங்காமல் எடுத்துக் கொடுத்த கை சலோமியுடையது. ஐடா அம்மாள் கடைசியில் நம் மலைக்கு மேலே கொடைக்கானலில்தான் 1960இல் இறந்தார். சலோமி எங்கே இறந்தார் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி என்று சொல்லி உட்கார வைத்தேன்.

இனி, உனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி. நம் கோயிலில் ஹார்மோனியத்துக்குப் பின்னால் தூணோரம் உட்காருவாரே டெய்லர் அக்கா, ஜாக்கெட் தைத்தால் அக்குளில் எப்போதும் ஒரு சுருக்கம் விழுமே, அவர்தான். இந்தத் தைப்பூசத்திலும் வழக்கம்போல மெஷினை மூடிவிட்டார். திண்டுக்கல் ரோட்டில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதன் ஓரத்தில் புளியமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒரு பிளாஸ்டிக் பேசின், குடத்தில் தண்ணீர், டெட்டால், பஞ்சு, ஊதா மருந்து, தைக்கிற ஊசி, ஊசியைக் காய்ச்ச ஒரு மெழுகுவத்தி. காரைக்குடி, சிங்கம்புணரிப் பக்கமிருந்து வெறுங்காலில் நடந்து வருகிறவர்களுக்கு ஒட்டன்சத்திரம் தாண்டும்போது உள்ளங்கால் கொப்பளித்துப் பாளம் பாளமாகிவிடும். தண்ணீர், மோர், அன்னதானம் கொடுக்க எத்தனையோ பந்தல் உண்டு. காலைத் தூக்கி மடியில் வைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்த வருஷம் நானும் ஒரு மத்தியானம் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கப் போனேன். பச்சை வேட்டி கட்டின ஒரு கொத்தனார், வயது ஐம்பதிருக்கும், பெண்பிள்ளை காலைத் தொடுவதா என்று கூச்சப்பட்டுக்கொண்டே நின்றார். அக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "உக்காருண்ணே, எனக்குத் துணியா இருந்தா என்ன, தோலா இருந்தா என்ன, ஊசிதானே" என்று சொல்லி, கொப்பளத்தின் ஓரத்தில் ஊசியை லேசாக நுழைத்து நீரை வடித்து, மேல்தோலைக் கிழிக்காமல் பஞ்சால் ஒற்றி, மருந்து போட்டு, பழைய வாயில் புடவைக் கிழிசலால் கட்டினார். நான் பார்த்தவரையில் ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. நம் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன், கையோடு ஒரு கைப்பிரதியும் கொடுக்கலாமே அக்கா என்றான். "நடந்து செத்து வர்றவனுக்குப் படிக்க எங்கடா தெம்பு? தண்ணி மோந்துட்டு வா" என்று விரட்டிவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் யாராவது திரும்பிப் போகும்போது அவருக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர் டீக்கடை பன்னில் தடவிச் சாப்பிட்டுவிடுகிறார். படைத்ததைச் சாப்பிடலாமா என்று பெண்கள் சங்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. சபைப் போதகர் ஐயரிடமும் போயிற்று. ஐயர் சிரித்துக்கொண்டே சங்கத்தின் வரவு செலவுக்குப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

இதில் என்ன அற்புதம் நடந்தது, யார் மனந்திரும்பினார்கள் என்று கேட்டால் என்னிடம் கணக்கு இல்லை. அக்காவிடமும் இல்லை. அவரைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னால், "ஜாக்கெட் டெலிவரி கிடக்கு" என்பார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது முப்பது வருஷம் ஆசிரியர் சங்கத்தில் இருந்தவளின் புத்தி. சாதாரண ஆளைக் கர்த்தர் பயன்படுத்துவார் என்பது நான் உயிராய் நம்புகிற காரியம். ஆனால் அதையே சொல்லிச் சொல்லி நிர்வாகம் ஆளைப் பயன்படுத்திக்கொள்கிற இடங்களும் உண்டு. ஊழியம்தானே, சம்பளத்தை ஏன் கேட்கிறாய் என்பார்கள். இரண்டு ஆள் வேலையை ஓர் ஆள் தலையில் கட்டிவிட்டு அர்ப்பணிப்பு என்று பெயர் வைப்பார்கள். போன மாதம் லீவே இல்லாமல் ராத்திரி ட்யூட்டி தொடர்ந்து பார்த்தேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், நான் கவனித்தேன். போய்க் கேள். மரியாதையாகக் கேள், ஆனால் எழுத்தில் கேள். தூக்கம் இல்லாத கண் ஸ்லைடில் எதையாவது விட்டுவிட்டால், அது உன் அர்ப்பணிப்பைப் பார்த்து மன்னித்துவிடாது, நோயாளியைத்தான் போய்ப் பிடிக்கும்.

ஸ்லைடு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. போன தடவை வந்தபோது மலேரியா ரத்தம் எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் மாமாவுக்கும் சொல்லிக் கொடுத்தாயே, சாப்பாட்டு மேசையில் தோசைக்கல்லைத் தள்ளிவைத்துவிட்டு. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடியில் தடவிக் காயவைத்து, ஜீம்சா சாயம் போட்டு, எண்ணெய் விட்டுப் பெரிய லென்ஸில் பார்க்க வேண்டும். கிருமி தெரிந்தால் வேலை சுளுவு. தெரியாவிட்டால்தான் கஷ்டம், நூறு இடமாவது நகர்த்தி நகர்த்திப் பார்க்காமல் இல்லை என்று எழுதக்கூடாது என்றாய். நான் அப்போதே கேட்டேன், நூறு பார்த்தாயா எழுபதில் நிறுத்தினாயா என்று யாருக்குத் தெரியும் என்று. யாருக்கும் தெரியாது அத்தை, எனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டாய்.

முகாமில் அதைச் சொல். சாட்சி என்று ஜோடிக்க வேண்டாம், கண்ணீர் வரவழைக்க வேண்டாம், எந்த வசனத்தையும் கட்டாயமாகக் கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டாம். ரத்தத்துளி எப்படிக் கண்ணாடிக்கு வருகிறது, சாயம் எத்தனை நேரம் ஊற வேண்டும், நூறு இடம் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது, வெளியே பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்த நேரமெல்லாம் உட்கார்ந்திருக்கும் சந்தாலித் தாய்க்கு உன் இந்தி பாதி புரியாது என்பது, எல்லாவற்றையும் உள்ளபடி சொல். ஐந்து நிமிஷம் போதும். உனக்குப் பின்னால் பேசுகிறவருக்கு நேரம் மிச்சமாகும், அவர் சந்தோஷப்படுவார். கேட்கிறவர்களில் ஒரு பிள்ளைக்காவது லேப் படிப்பில் சேரத் தோன்றினால் தோன்றட்டும், தோன்றாவிட்டால் போகட்டும்.

முழங்கால் முனகலுக்கு நடுவிலும் மாமா உனக்காக ஆயக்குடி சந்தைக்குப் போய்க் கொய்யாவைக் காயாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார். பார்சலில் உங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் பழுத்து நாறிவிடும் என்று சொன்னால் கேட்கவில்லை. எனக்கு நம்பிக்கையில்லை, அதனால் நான் தனியாக முருங்கைக்கீரைப் பொடியும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம். டப்பாக்களைக் கழுவிப் பத்திரமாக வை, வரும்போது கொண்டுவா, நீ கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு இன்னும் வீடு திரும்பவில்லை.

மே மாதம் உன் தம்பிக்குத் திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறது, பேராயர் வருகிறார். லீவுக்கு இப்போதே மனு போடு, அந்த ராத்திரி ட்யூட்டி விஷயத்தையும் அதே தாளில் எழுதிவிடு. ரயில் டிக்கெட்டை உடனே எடு, திண்டுக்கல்லில் இறங்கினால் மாமா வந்து நிற்பார். அம்மாவுக்கு வாரம் ஒரு தரமாவது நீயாகப் போன் பண்ணு. எனக்குக் குரல் பதிவு அனுப்புகிறாய், அவளுக்கு ஒன்றும் வருவதில்லை என்று மனத்தாங்கல் இருக்கிறது.

முகாம் முடிந்ததும் என்ன பேசினாய் என்று எழுது.

அன்புடன்,
உன் அத்தை